ஐந்தாவதாகத் 'தான்': பார்த்துக்கொள்பவரின் தன்னிலை குறித்துச் சில குறிப்புகள்

1

வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது பார்க்க வருகிறவர்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆப்பிளையும் வைத்துவிட்டுப் புறப்படும் நேரத்தில், வாசற்படியில் நின்று அந்த வீட்டுப் பெண்ணிடம் தவறாமல் ஒன்று சொல்வார்கள். 'நீயும் உடம்பப் பாத்துக்கம்மா. நீ விழுந்துட்டா அவர யாரு பாக்கறது?' அவளும் சரி என்பதுபோலத் தலையை ஆட்டுவாள். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அன்பில்லாமல் சொன்னது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று படுகிறது.

இதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதற்பகுதி ஓர் உத்தரவு. ஏற்கனவே நோயாளியைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, துணி அலசுவது என்று நீண்டு கிடக்கும் அவளுடைய வேலைப் பட்டியலில் 'உன்னையும் பார்த்துக்கொள்' என்று இன்னொரு வேலை சேர்கிறது. இரண்டாம் பகுதி ஒரு காரணம். அவள் உடம்பு எதற்காகத் தேறி நிற்க வேண்டும்? அவரைப் பார்ப்பதற்காக. அவள் உடம்புக்கு அதனளவில் ஒரு நியாயமும் சொல்லப்படவில்லை.

இன்று இதே விஷயம் 'செல்ஃப் கேர்' என்ற பெயரில் பெண்கள் பத்திரிகைகளிலும் மருத்துவமனைத் துண்டுப் பிரசுரங்களிலும் வருகிறது. நடைப்பயிற்சி செய்யுங்கள், பாட்டுக் கேளுங்கள், தினம் அரைமணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள். எதுவும் பொய்யல்ல. அந்த அரைமணி நேரம் நோயாளியின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பது என்பதை மட்டும் அவை சொல்வதில்லை.

வெளியே நின்று விமர்சிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தது 2018இல். 2022 வரை நான்கு வருஷம் ஊரில் அம்மாதான் பார்த்தாள். வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, வாரம் இரண்டு தடவை போனில் 'உடம்பப் பாத்துக்கம்மா' என்று சொல்லி வந்தவன் நான். அம்மாவின் பதிலும் மாறாது. 'நான் பாத்துக்கறேன்டா தம்பி. நீ உன் உடம்பப் பாத்துக்க.'

2

அம்மாவின் இந்தப் பதிலில் ஒரே வினை இரண்டு தடவை வருகிறது. தமிழ் படித்தவனுக்கு இது கண்ணில் படாமல் போகாது. 'சோறு போட்டாள்' என்றால் இலை வேறொருவருடையது. 'சோறு போட்டுக்கொண்டாள்' என்றால் இலை அவளுடையது. 'கொள்' என்னும் துணைவினை பெரும்பாலும் செயலின் பயனைச் செய்பவர் பக்கமே திருப்பிவிடுகிறது. ஆனால் 'குழந்தையைப் பார்த்துக்கொண்டாள்' என்னும்போது பயன் குழந்தைக்குப் போகிறது. சொல்லோ செய்பவளை விட்டுவிடாமல் கூடவே வைத்துக்கொண்டிருக்கிறது. பார்ப்பது கண்ணின் வேலை. பார்த்துக்கொள்வது இன்னொருவரின் பசி, வலி, மலஜலம் எல்லாவற்றையும் தன் பொறுப்பாகத் தன்மேல் ஏற்றுக்கொள்வது.

இலக்கணத்திலிருந்து அறவியலை நேராக உருவிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு துணைவினையை வைத்துத் 'தமிழன் அன்றே சொன்னான்' என்று கிளம்புவது என் நோக்கமும் அல்ல. நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான்: 'அப்பாவப் பாத்துக்க', 'உடம்பப் பாத்துக்க' என்ற இரண்டு வாக்கியங்களுக்கும் வினை ஒன்று, செயப்படுபொருள் வேறு, நாள் ஒன்றுக்கு மணி இருபத்து நான்கு. இரண்டையும் ஒரே ஆளிடம் சொல்லும்போது ஏதாவது ஒன்று விழுந்துதான் ஆக வேண்டும். எது விழும் என்பது நமக்குத் தெரியும்.

3

எது விழும் என்பது எப்படி முன்கூட்டியே தீர்மானமானது? இதற்குத் திருக்குறளின் இரண்டு குறள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

இல்வாழ்க்கை அதிகாரத்தின் 43ஆம் குறள், இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரைப் பட்டியலிடுகிறது. இறந்துபோன முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், ஐந்தாவதாகத் 'தான்'. அறநூல் ஒன்று தன்னையும் பேணும் பட்டியலில் சேர்த்திருப்பது சாதாரண விஷயமல்ல. பரிமேலழகருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். தன்னைப் பேணுவது எப்படி அறமாகும் என்ற கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டுதான் அவர் விளக்கம் சொல்கிறார். எந்த அறத்தையும் தான் இருந்துதான் செய்ய வேண்டியிருப்பதால் தன்னைப் பேணுவதும் அறமாயிற்று என்பது அவர் சமாதானம். அதாவது வாசற்படியில் சொல்லப்படும் அதே காரணம். நீ விழுந்துவிட்டால் யார் பார்ப்பது?

எனக்குக் குறள் அப்படிச் சொல்வதாகத் தோன்றவில்லை. மற்ற நால்வருக்கும் துணைக் கருவியாகத் 'தான்' அங்கே வைக்கப்படவில்லை. ஐவரில் ஒருவராக, அதே வரிசையில், அதே வினைக்குரிய பொருளாக இருக்கிறது. விருந்தினரை ஏன் பேண வேண்டும் என்று நாம் கேட்பதில்லை அல்லவா? தனக்கு மட்டும் எதற்கு ஒரு சமாதானம்?

இது பாதிதான். அந்தத் 'தான்' யார்? இல்வாழ்வான், ஆண். அடுத்த அதிகாரமான வாழ்க்கைத்துணைநலத்தில் 56ஆம் குறளுக்கு வந்தால் பெண்ணுக்கும் தன்னைக் காத்துக்கொள்ளும் கடமை சொல்லப்பட்டிருக்கிறது. தன்னைக் காக்க வேண்டும், கணவனைப் பேண வேண்டும், புகழைக் காக்க வேண்டும், இத்தனையிலும் சோர்வில்லாமல் இருக்க வேண்டும். இங்கே தன்னைக் காப்பது என்பதற்குக் கற்பிலிருந்து வழுவாமல் காத்துக்கொள்வது என்று உரை எழுதுகிறார் பரிமேலழகர். ஆணுக்குத் 'தான்' என்றால் பேணப்பட வேண்டிய உயிர். பெண்ணுக்குத் 'தான்' என்றால் காவல் காக்கப்பட வேண்டிய கற்பு. 'சோர்வு' என்ற சொல்லைக் களைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கடமையில் மறதி, வழுவல் என்றே கொள்ள வேண்டும் என்று உரை மரபை அறிந்தவர்கள் சொல்லலாம். சரி. ஆனால் களைப்பும் வழுவலும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும் மொழியில், களைத்துப்போன பெண் தன்னைத் தவறு செய்தவளாகவே உணர்கிறாள் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டால் அம்மா அதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலத்தான் போனில் சொல்வாள்.

4

மேற்கிலும் இந்தத் 'தான்' யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. ஃபூக்கோ தம் பாலியல் வரலாற்றின் மூன்றாம் தொகுதியை, தான் இறந்த 1984ஆம் வருஷத்தில், 'தன்மீதான அக்கறை' என்ற பொருள்படும் தலைப்பில்தான் வெளியிட்டார். கிரேக்க, ரோமானியச் சிந்தனையில் ஒருவன் தன் உடலையும் மனத்தையும் தினசரிப் பயிற்சிகளால் பேணிக்கொள்வது ஓர் அறக்கலையாக இருந்ததை அவர் விரிவாகக் காட்டுகிறார். உணவு, உறக்கம், நாள் முடிவில் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளுதல், நண்பருக்குக் கடிதம் எழுதுதல். தன்மேல் அக்கறை கொள்வது சுயநலம் என்ற கிறித்துவப் பழக்கத்திலிருந்து நம்மை விடுவிக்கிற எழுத்து அது. ஆனால் அந்த அறம் சுதந்திர ஆண்களின் அறம் என்பதை அவரும் மறைக்கவில்லை. அவன் நாட்குறிப்பு எழுதும் நேரத்தில் அவன் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தது ஓர் அடிமைப் பெண். அவளுடைய தன்மீதான அக்கறை குறித்து நமக்கு ஏடுகள் இல்லை.

அந்தப் பெண்ணின் வழியில் வந்தவர் என்று ஆட்ரி லோர்டைச் சொல்லலாம். கறுப்பினக் கவிஞர், தாய், லெஸ்பியன். 1978இல் மார்பகப் புற்றுநோய், 1984இல் அது கல்லீரலுக்குப் பரவியது தெரிந்தது. 1988இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில், தன்னைப் பேணிக்கொள்வது தன் சொகுசுக்கான காரியமல்ல, தன்னை அழிக்க நினைக்கும் சமூகத்துக்கு எதிரான அரசியல் போராட்டம் என்ற கருத்தை முன்வைத்தார். 1992இல் இறந்துபோனார். அவருடைய அந்த வாக்கியம் பின்னால் சோப்பு, மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையில் சிக்கியது தனிக் கதை. உன் உயிர் இன்னொருவருக்குப் பயன்படுவதால் மட்டுமே மதிப்புள்ளது என்று சொல்லும் அதிகாரத்துக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. பரிமேலழகரின் சமாதானத்துக்கு இது நேர் எதிர்நிலை.

5

தத்துவத்தை விட்டுவிட்டு உடம்புக்கு வருவோம். ஏனென்றால் இதில் தோற்பது கடைசியில் உடம்புதான்.

அமெரிக்காவின் ஒஹையோவில் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் செய்த சிறிய ஆய்வு ஒன்று 1995இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் தோலை எடுத்து, அந்தப் புண் ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 48.7 நாள். ஒன்பது நாள் வித்தியாசம். அப்பா படுத்திருந்த இரண்டாவது வருஷம் அம்மா புறங்கையில் வடிகஞ்சியைக் கொட்டிக்கொண்டாள். அந்தப் புண் ரொம்ப நாள் ஆறாமல் கிடந்தது. ஒரு ஆளின் காயத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

1999இல் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரியது. நோயுற்ற கணவனை அல்லது மனைவியைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களை நான்கு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். பார்த்துக்கொண்டு, அதனால் நெருக்கடியையும் உணர்ந்தவர்களுக்கு மரண ஆபத்து, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. பார்த்துக்கொண்டும் நெருக்கடியை உணராதவர்களுக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க அதிகரிப்பு இல்லை. பார்த்துக்கொள்கிறவர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் அவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்வதாகவே 2013இல் வந்த வேறொரு அமெரிக்க ஆய்வு காட்டியது. இவை ஒன்றையொன்று வெட்டுவதாக நான் நினைக்கவில்லை. ஆளைக் கொல்வது பார்த்துக்கொள்ளுதல் என்ற செயல் அல்ல. மாற்று ஆள் இல்லாமல், தூக்கம் இல்லாமல், யாரிடமும் சொல்ல முடியாமல் அதைச் செய்ய வேண்டிய நிலைமைதான்.

இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள். வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் பெண்ணுக்கு 134 நிமிடம், ஆணுக்கு 76 நிமிடம். இந்தக் கணக்கு பயனுள்ளதுதான். ஆனாலும் இதற்குள் அடங்காத ஒன்று உண்டு. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கும் தூக்கம் எந்தப் பத்தியில் வரும்? கணக்கில் அது 'உறக்கம்' என்றுதான் விழுந்திருக்கும்.

6

அந்தத் தூக்கம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியவந்தது மூன்றாவது வருஷத்தில். லீவில் போயிருந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடியதைப் பார்த்துவிட்டு, ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து. நடுவில் துணி மாற்ற வேண்டியிருக்கும். நாலாவது ராத்திரி மூன்று மணிக்கு, அப்போதுதான் மாற்றிய வேட்டியை அப்பா மறுபடியும் நனைத்தபோது நான் கத்திவிட்டேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பதை எழுத மனம் வரவில்லை. பேச்சுப் போய்விட்ட மனிதர், என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். உள்ளறையிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். என்னைத் திட்டவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டே, 'நானும் கத்தியிருக்கேன்டா. யாருட்ட சொல்றது?' என்றாள்.

எனக்கு நாலு ராத்திரி. அவளுக்கு ஆயிரத்துக்கும் மேல்.

வின்னிகாட் என்ற ஆங்கிலேய உளப்பகுப்பாய்வாளர் 1949இல் வெளிவந்த கட்டுரையொன்றில், ஒரு தாய் தன் குழந்தையைத் தொடக்கத்திலிருந்தே வெறுப்பதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டார். பதினெட்டுக் காரணங்கள். குழந்தையை நேசிக்காத தாயைப் பற்றி அவர் பேசவில்லை. நேசிக்கிற, நன்றாகவே வளர்க்கிற சாதாரணத் தாயைப் பற்றித்தான் பேசினார். அந்த வெறுப்பைத் தன்னுள் அறிந்து, அதைச் செயலாக்காமல் தாங்கிக்கொள்வதுதான் அவளுடைய திறம் என்றார். வெறுப்பே கிடையாது என்று சாதிக்கும் போலி உணர்ச்சியே அவருக்கு ஆபத்தாகப் பட்டது.

தாயைத் தெய்வமாக்கி வைத்திருக்கும் நம் சொல்லாடலில் இந்தக் கட்டுரைக்கு இடமே கிடையாது. தெய்வம் சலித்துக்கொள்ளாது, தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது. புனிதப்படுத்துவது என்பது ஒருவரைப் பேச விடாமல் செய்வதற்கான நயமான வழி. அதே சமயம் நம் நாட்டார் மரபு இதில் இன்னும் நேர்மையாக இருந்திருக்கிறது. தாலாட்டில் குழந்தையைத் தூங்கவைக்கும் சாக்கில் தாய் புகுந்த வீட்டைப் பற்றியும் பிறந்த வீட்டைப் பற்றியும் தன் குறைகளைக் கொட்டியிருக்கிறாள். ஒப்பாரியில் செத்தவரை அழும் சாக்கில் தன் வாழ்க்கையையே அழுதிருக்கிறாள். ஆனால் இரண்டுமே சாக்குகள்தாம். குழந்தைக்குப் புரியாது, பிணத்துக்குக் கேட்காது. கேட்கிற காது உள்ளவர்களிடம் 'எனக்கு முடியல' என்று நேராகச் சொல்ல அவளுக்கு ஒரு வடிவம் இருக்கவில்லை.

1980இல் ஸாரிட் என்பவரும் அவர் குழுவினரும் உருவாக்கிய வினாநிரல் ஒன்று, 22 கேள்விகள் கொண்ட வடிவில், இன்று உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துவது. உங்களுக்கென்று நேரம் போதவில்லை என்று தோன்றுகிறதா, அவரோடு இருக்கும்போது கோபம் வருகிறதா என்ற மாதிரிக் கேள்விகள் அதில் உண்டு. அதன் மதிப்பெண்ணைவிட, கோபத்தைப் பற்றி ஒருவர் முகத்துக்கு முன்னால் சகஜமாகக் கேட்கலாம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான்கு வருஷத்தில் அப்பாவைப் பார்த்த எந்த மருத்துவரும் அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

7

அப்படியானால் பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது? கடுமையான அறிவுத்திறன் குறைபாடும் மூளை முடக்குவாதமும் கொண்ட மகளை வளர்த்த அமெரிக்கத் தத்துவவாதி ஈவா ஃபெடர் கிட்டே 1999இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு கோட்பாடு தருகிறார். பிரசவித்த பெண்ணுக்கு உதவியாக இருப்பவளைக் குறிக்கும் 'தூலா' என்ற சொல்லிலிருந்து அவர் அதை எடுக்கிறார். தூலா குழந்தையைப் பறித்துக்கொண்டு வளர்ப்பவள் அல்ல. தாய் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடிகிற மாதிரி தாயைப் பார்த்துக்கொள்கிறவள். இதைச் சமூகம் முழுமைக்கும் விரிக்க வேண்டும் என்கிறார் கிட்டே. நாம் எல்லோரும் ஒரு காலத்தில் யாரோ பார்த்துக்கொண்டதால் பிழைத்தவர்கள். எனவே பார்த்துக்கொள்கிறவர் தானும் பார்த்துக்கொள்ளப்படும்படியான நிலைமைகளை உண்டாக்குவது எல்லோருக்கும் உள்ள கடன்.

இது நமக்குப் புதிய செய்தி இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம் வேறென்ன? பத்தியச் சோறு, மருந்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுதல், ராத்திரி குழந்தை அழுதால் பாட்டி தூக்கிக்கொள்ளுதல். மூன்று மாதமோ ஐந்து மாதமோ, தாய்க்கு ஒரு தாய். 'பிள்ளை பெத்த உடம்பு, ஓய்வு வேணும்' என்று சொல்வதற்கு அங்கே யாரும் கூசுவதில்லை. அது அவள் கேட்டு வாங்க வேண்டிய சலுகையாக இல்லாமல், ஊர் ஒப்புக்கொண்ட உரிமையாக இருக்கிறது. இதிலும் சுமை இன்னொரு பெண்ணின் தோளுக்குத்தான் மாறுகிறது, சாதிக்கும் வசதிக்கும் தக்கபடி வழக்கம் நீள்கிறது சுருங்குகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் பார்த்துக்கொள்பவரின் ஓய்வு ஒரு வழக்கமாக, நாள் குறித்து, ஆள் குறித்து நடக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

குழந்தை பிறந்தால் உள்ள இந்த வழக்கம், கிழவர் படுத்தால் ஏன் இல்லை? குழந்தை மூன்று மாதத்தில் தலை நிற்கும், ஒரு வயதில் நடக்கும். படுத்தவரின் விஷயத்தில் முடிவு தேதி கிடையாது, அந்த முடிவை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. வளர்ச்சி குன்றிய பிள்ளையின் பெற்றோருக்கோ முடிவே வேறு மாதிரி. 'நமக்கப்புறம் யாரு?' என்ற கேள்வியோடு, தங்கள் சாவையே தள்ளிப்போட வேண்டிய கடமையாகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் 'உடம்பப் பாத்துக்குங்க' என்று சொல்வதன் கனம் சொல்கிறவர்களுக்குப் புரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

8

இது குடும்பத்துக்குள் மட்டும் தீர்கிற காரியம் அல்ல. ஜெர்மனியில் 1995இல் நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் ஓய்வெடுக்கவோ நோயில் விழவோ நேர்ந்தால் மாற்று ஆளுக்குச் சில வாரங்கள் பணம் தர ஏற்பாடு உண்டு. பிரிட்டனில் அதே 1995இல் வந்த சட்டம், நோயாளியை மட்டுமல்லாமல் பார்த்துக்கொள்பவரின் நிலைமையையும் தனியாக மதிப்பிடக் கோரலாம் என்றது. இங்கே 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள் தர வேண்டிய பராமரிப்புத் தொகையைப் பற்றிப் பேசுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு யார் எழுந்திருப்பது என்பது அதன் விஷயமல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்த்துக்கொள்பவர் என்ற ஆளை வரையறுத்து, அதிகத் துணை தேவைப்படுகிறவர்களுக்கு அதற்கென ஒரு படியையும் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை, மாதம் 1000 ரூபாய், பெண்களின் வீட்டு உழைப்பை அரசு பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட காரியம். ஒப்புதல் பெரியது. தொகை, ஏஜென்சியில் ஆள் கேட்டால் ஓரிரு நாளில் கரைந்துவிடும்.

ஆள் வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி வருஷம் பகலுக்கு மட்டும் ஒரு அக்கா வந்தார்கள். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைத்தது அவர்களால்தான். அவர்கள் வீட்டிலும் ஒரு மாமியார் படுத்திருந்தார், பன்னிரண்டு வயதுப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு வீட்டுப் பெண்ணின் ஓய்வு இன்னொரு வீட்டுச் சிறுமியின் பள்ளிக்கூட நாளிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். தன்னைப் பேணுதல் தனிமனித விவகாரமாகவே நிற்கும்வரை இந்தச் சங்கிலி கீழே இறங்கிக்கொண்டேதான் போகும்.

9

நடைமுறையாக எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கலாம்.

அம்மாவிடமிருந்து வேலையை வாங்குவது சுலபமாக இல்லை. 'நீங்க பண்ணா சரியா வராது' என்பாள். கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருந்தால் அவருக்குப் புரையேறாது, எந்த மாத்திரையைப் பொடி பண்ணலாம், எந்தப் பக்கம் புரட்டினால் முனகுவார், எல்லாம் அவளிடம்தான் இருந்தன. நான் அப்போது இதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. வேறு எந்த அதிகாரமும் தரப்படாத ஒருவருக்கு, தான் இல்லாமல் நடக்காது என்பது ஒன்றுதான் கையிலிருக்கும் அதிகாரம். அதை 'ரெஸ்ட் எடு' என்ற ஒரு சொல்லால் பிடுங்கிவிட முடியாது. கடைசியில் அக்காதான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்து, அம்மா சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் எழுதினாள். அந்த நோட்டு வந்த பிறகுதான் அம்மாவால் எங்களிடம் ஒரு ராத்திரியை ஒப்படைக்க முடிந்தது. அவள் அறிவு அறிவாக மதிக்கப்பட்ட பிறகு என்றும் சொல்லலாம்.

இரண்டாவது, நாங்கள் பிள்ளைகள் பணத்தைப் பங்கிட்டுக்கொண்டோம், ராத்திரிகளைப் பங்கிடவில்லை. பணம் அனுப்புகிறவன் பார்த்துக்கொள்கிறவன் ஆகிவிடுவதில்லை. மாதத்தில் எந்த இரண்டு ராத்திரி யாருடையது என்று காலண்டரில் குறித்திருந்தால், நாங்கள் செய்த அத்தனை போன்களையும்விட அது உதவியிருக்கும். மூன்றாவது, பார்த்துக்கொள்கிறவருக்குத் தனியாக ஒரு மருத்துவர், தனியாக ஒரு சீட்டு வேண்டும். அப்பாவின் ஃபைல் நாலு அங்குலம் இருந்தது. அம்மாவின் ரத்த அழுத்தம் எங்கேயும் எழுதப்படவில்லை.

நான்காவதாக, கோபத்தைச் சொல்ல ஒரு காது. பதில் சொல்லாத, 'அப்படியெல்லாம் பேசாத, பாவம்' என்று வாயை மூடாத காது.

அப்பா 2022இல் இறந்தார். இப்போதும் அம்மா ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் விழித்துக்கொள்கிறாள். இனி நன்றாகத் தூங்கலாமே என்று கேட்டால், 'தூக்கம் வந்தாத்தானே' என்கிறாள். அவரைப் பார்ப்பதற்காக அவள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்ன வாசற்படிக்காரர்கள் இப்போது எதுவும் சொல்வதில்லை. அவர்கள் தந்த காரணம் அப்பாவோடு போய்விட்டது. இந்த இடத்தில்தான் அந்தக் காரணம் எவ்வளவு குறைபாடானது என்பது எனக்குத் தெளிவாகிறது. யாரையும் பார்க்க வேண்டியிராத இந்த அறுபத்தெட்டு வயது உடம்பும் பேணப்பட வேண்டியதுதான். பட்டியலில் ஐந்தாவதாக, வேறு சமாதானம் எதுவும் தேவைப்படாமல்.

போன மாதம் ஊருக்குப் போய் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நான்கு வருஷமாகத் தள்ளிப்போட்ட கண்புரை. 'இதுக்கெல்லாம் நீ லீவு போட்டு வரணுமா, நான் பாத்துக்க மாட்டேனா' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.